வழுக்கலும் வழுவும்

தமிழில் 'வழு' என்றால் குற்றம், பிழை. 'வழுக்குதல்' என்றால் கால் சறுக்குதல். சொல்லளவில் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. வாழ்க்கையில் மட்டும் இரண்டையும் நாம் வேறு வேறாகவே வைத்திருக்கிறோம். கால் சறுக்கி விழுந்தவனைக் கண்டால் சிலர் சிரிப்பார்கள். சிலர் ஓடிப்போய்த் தூக்கிவிடுவார்கள். அவன் குற்றம் செய்துவிட்டான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் சறுக்கியவன் எதிரே வந்த ஒருவரையும் இடித்துத் தள்ளி, அவர் மறுபடி எழுந்திருக்கவே முடியாமல் போய்விட்டால்? அப்போது அதற்கு என்ன பெயர் கொடுப்பது? வழுக்கலா, வழுவா?

மற்ற இடங்களில் எப்போதோ ஒரு முறை எழக்கூடிய இந்தக் கேள்வி, பனி பெய்யும் நாடுகளில் குளிர்காலம் முழுவதும் எழுந்துகொண்டே இருக்கிறது. சாலையில் கார் சறுக்குகிறது. ஓர் உயிர் போய்விடுகிறது. "என் கையில் ஒன்றுமே இல்லை, வண்டி தானாகப் போய்விட்டது" என்கிறான் ஓட்டியவன். அவன் சொல்வது பொய் அல்ல. பொய் அல்லாத ஒரு சொல், அதனாலேயே நியாயமான சமாதானமும் ஆகிவிடுமா என்பதுதான் சங்கடம்.

பனி என்றதும் நம்முடைய மார்கழிப் பனியை நினைத்துவிடக் கூடாது. அது சாதுவான பனி. புல் நுனியில் முத்துப் போல் நின்று, வெயில் ஏறியதும் சொல்லாமல் விடைபெற்றுக்கொள்ளும். நான் சொல்வது ஸ்வீடன், நார்வே, பின்லாந்து, கனடா முதலிய தேசங்களில் மாதக் கணக்கில் தரையை மூடிக் கிடக்கும் வெண்பனி. காலண்டர்ப் படங்களில் அது பஞ்சுப் பொதி போல அழகாக இருக்கும். லாரிகளும் கார்களும் ஏறி ஏறி அழுத்தியபின் அந்தப் பஞ்சு பளிங்காக மாறிவிடுகிறது. பகல் வெயிலில் சற்றே உருகி, இரவுக் குளிரில் மீண்டும் உறைந்தால் கண்ணாடியே ஆகிவிடுகிறது. அதிலும் மோசமானது, பார்வைக்கே தெரியாத மெல்லிய பனிப்படலம். அதன் வழியே கீழே உள்ள கரிய தார் தெரிவதால், சாலை வெறுமனே ஈரமாக இருப்பதாகத்தான் ஓட்டுகிறவன் எண்ணுவான். பாலங்களின்மேல் இது முதலில் உறையும். கீழேயும் குளிர்ந்த காற்று வீசுவதால் பாலத்துக்குத் தரையின் கதகதப்புக் கிடைப்பதில்லை. நல்ல சாலையில் நிம்மதியாக வந்தவன் பாலத்தில் ஏறிய மறுகணம் பரலோகத்தின் வாசலில் நிற்கிறான்.

இந்தச் சறுக்கல் எப்படி உண்டாகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான் குற்றம் யாருடையது என்று பேச முடியும். ஒரு காரின் எடை ஆயிரம், ஆயிரத்தைந்நூறு கிலோ இருக்கும். அவ்வளவு பெரிய வாகனம் பூமியைத் தொடுவது நான்கே இடங்களில். ஒவ்வோர் இடமும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலந்தான். வண்டி புறப்படுவது, திரும்புவது, நிற்பது எல்லாமே அந்த நான்கு உள்ளங்கைகள் தரையைப் பற்றிக்கொள்ளும் பிடிப்பினால் நடக்கின்றன.

அந்தப் பிடிப்பை ஒரு மாதச் சம்பளக்காரரின் வருமானத்துக்கு ஒப்பிடலாம். வருமானம் ஒன்று, செலவுகள் பல. பிரேக் பிடித்தால் ஒரு செலவு. ஸ்டீரிங்கைத் திருப்பினால் இன்னொரு செலவு. வேகத்தைக் கூட்டினால் வேறொன்று. உலர்ந்த தார்ச் சாலையில் வருமானம் தாராளமாக இருக்கிறது. ஒரே சமயத்தில் பிரேக்கும் பிடிக்கலாம், வளைவிலும் திரும்பலாம். மாசக் கடைசியில் ஏதாவது மிஞ்சும். பனியில் அந்த வருமானம் நாலில் ஒன்றாகக் குறைந்துபோகிறது. பனிக்கட்டியிலோ ஏழில் ஒன்று கிடைத்தால் பெரிது. பழைய வழக்கப்படியே செலவு செய்கிறவன் கதி என்ன ஆகும்? இருப்பது முழுவதையும் பிரேக்குக்கே கொடுத்துவிட்டால் திரும்புவதற்குக் கையில் காசு இல்லை. ஸ்டீரிங் இடது புறம் திரும்பியிருக்கும். வண்டி நேராகப் போய்க்கொண்டே இருக்கும். அதனால்தான் அந்த நாட்டுக்காரர்கள், வளைவு வருமுன்பே நேர்ச்சாலையில் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, பிறகு பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒரு சமயத்தில் ஒரு செலவு.

கணக்கைப் பாருங்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், உலர்ந்த சாலையில் பிரேக் பிடித்த இடத்திலிருந்து ஏறத்தாழ 15 மீட்டரில் நின்றுவிடும். இறுகிய பனியில் அதற்கு 50 மீட்டர் வேண்டும். வழவழப்பான பனிக்கட்டியில் 100 மீட்டர். இன்னொரு கணக்கும் இருக்கிறது. வேகத்தைப் பாதியாக்கினால் நிற்கும் தூரம் பாதியாகக் குறைவதில்லை. நாலில் ஒன்றாகக் குறைகிறது. பனிச்சாலையில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன், உலர்ந்த சாலையில் 50 கிலோமீட்டரில் போகிறவனைப் போலவே பதினைந்து மீட்டருக்குள் நின்றுவிட முடியும். அவன் விட்டுக்கொடுக்க வேண்டியது பாதி வேகம். அதற்குப் பதிலாக, இயற்கை பறித்துக்கொண்ட தூரம் முழுவதையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறான். இவ்வளவு மலிவான பேரம் உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

இவ்வளவு மலிவாக இருந்தும் மனிதன் அதை வாங்க மறுக்கிறான். அங்கேதான் விஷயம் பௌதிகத்தை விட்டுவிட்டு மனத்துக்குள் நுழைகிறது.

சறுக்கும்போது மனிதனுடைய இயல்பான உணர்ச்சி அவனுக்கு எதிரியாகவே வேலை செய்கிறது. முன் சக்கரங்கள் பிடிப்பை இழந்து வண்டி திரும்ப மறுத்தால், ஸ்டீரிங்கை இன்னும் அதிகமாகத் திருகத் தோன்றும். செய்ய வேண்டியது அதற்கு நேர் மாறு. ஸ்டீரிங்கைச் சற்றுத் தளர்த்தி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, சக்கரங்கள் மறுபடி தரையைப் பற்ற அவகாசம் கொடுக்க வேண்டும். பின்புறம் ஒரு பக்கமாக வீசிக்கொண்டு போனால் பிரேக்கை ஓங்கி மிதிக்கத் தோன்றும். அப்போது மிதிக்காமல், பின்புறம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டீரிங்கைத் திருப்ப வேண்டும். கண்ணும் அப்படித்தான். மோதப் போகிற மரத்தையே பார்த்தால் மரத்தில்தான் மோதுவான். போக வேண்டிய வழியைப் பார்க்க வேண்டும். பயம் சொல்வதைக் கேட்காமல் இருப்பதற்கு மனிதனைப் பழக்க வேண்டியிருக்கிறது.

பழக்கினால் போதுமா? நார்வே அரசு போதும் என்றுதான் நம்பியது. 1970-களின் இறுதியில், புதிதாக வண்டி ஓட்டுகிறவர்கள் வழுக்கும் தரையில் ஓட்டும் பயிற்சி பெறுவதை அந்நாடு கட்டாயமாக்கியது. சறுக்கினால் எப்படி மீள்வது என்று இளைஞர்கள் கற்றார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் நாமும் சொல்வோம். 1988-இல் வெளிவந்த ஆய்வு அந்த நம்பிக்கையின் தலையில் குட்டியது. பயிற்சி பெற்ற இளம் ஆண்களிடையே வழுக்கும் சாலை விபத்துகள் குறையவில்லை, கூடியிருந்தன! மீளும் வித்தை தெரிந்ததும், மாட்டிக்கொள்ளும் பயம் போய்விட்டது.

ஸ்வீடனில் கிரெகர்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1996-இல் வெளியிட்ட ஒரு பரிசோதனை இதன் உள்ளர்த்தத்தை இன்னும் தெளிவாகக் காட்டியது. இளம் ஓட்டுநர்களை அவர் இரண்டு பிரிவாகப் பிரித்தார். வழுக்கும் தரையில் இக்கட்டு நேர்ந்தால் தப்பிக்கும் திறமையை ஒரு பிரிவுக்குக் கற்பித்தார்கள். மற்றப் பிரிவுக்கோ, அந்தத் திறமையை நம்ப முடியாது என்பதை அவர்களே உணரும்படி செய்தார்கள். பிறகு சோதித்தபோது உண்மையான திறமையில் இரு பிரிவுக்கும் வித்தியாசம் இல்லை. தங்கள் திறமையைப் பற்றிய எண்ணத்தில்தான் வித்தியாசம்! வித்தை கற்றவர்கள் தங்களை உயர்வாக மதிப்பிட்டுக்கொண்டார்கள். பயிற்சி வளர்த்தது கையின் லாகவத்தை அல்ல, மனத்தின் கர்வத்தை.

கர்வத்துக்குப் பயிற்சிகூடத் தேவையில்லை போலும். ஓலா ஸ்வென்சன் என்பவர் 1981-இல், நீங்கள் மற்றவர்களைவிடத் திறமையாக வண்டி ஓட்டுகிறீர்களா என்று சிலரைக் கேட்டார். கேட்கப்பட்ட அமெரிக்கர்களில் 93 சதவிகிதம் பேர் தங்களைத் திறமையில் மேல் பாதியில் வைத்துக்கொண்டார்கள். ஸ்வீடன்காரர்களில் அப்படிச் சொன்னவர்கள் 69 சதவிகிதம். நூறு பேரில் தொண்ணூற்று மூன்று பேர் முதல் ஐம்பதுக்குள் எப்படி இருக்க முடியும்? கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் சிரிப்பார். நமக்குச் சிரிக்க உரிமை இல்லை. பேனா பிடிக்கிறவர்களையும் சமையல் செய்கிறவர்களையும் பிள்ளை வளர்க்கிறவர்களையும் அதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தால் தெரியும்.

மனிதன்தான் இப்படி, யந்திரமாவது அவனைக் காப்பாற்றாதா? யந்திரம் தன்னால் ஆனதைச் செய்துதான் வருகிறது. பிரேக்கை எவ்வளவு பலமாக மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். என்ற சாதனம், 1978-இல் ஜெர்மனியில் பெரிய கார்களில் பொருத்தப்பட்டது. பிரேக் பிடித்துக்கொண்டே திரும்பவும் முடிகிற வசதியை அது தந்தது. 1980-களில் மூனிச் நகரத்து டாக்ஸிகள் சிலவற்றில் அதைப் பொருத்தி, சிலவற்றில் பொருத்தாமல் விட்டுப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பிரயாணிகளைப் போல ஏறி உட்கார்ந்த பார்வையாளர்கள் டிரைவர்கள் ஓட்டும் விதத்தைக் குறித்துக்கொண்டார்கள். சாதனம் பொருத்திய டாக்ஸிகளில் விபத்து குறைந்ததா? குறையவில்லை. அந்த டிரைவர்கள் வளைவுகளை வெடுக்கென்று திருப்பினார்கள். முன்னே பார்க்கும் தூரத்தையும் குறைத்துக்கொண்டார்கள். யந்திரம் கொடுத்த பாதுகாப்பை வேகமாக மாற்றிச் செலவழித்துவிட்டார்கள்.

நான்கு சக்கரங்களையும் எஞ்சினே சுழற்றும் வண்டிகளின் கதையும் இதுதான். அவை பனியில் அலட்சியமாகப் புறப்படும். மேட்டில் அநாயாசமாக ஏறும். மற்ற கார்கள் சக்கரம் சுழன்று திண்டாடும் இடத்தில் ராஜநடை போடும். ஆனால் பிரேக் எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரத்திலும்தான் இருக்கிறது. ஆகையால் நிற்கும் விஷயத்தில் இந்த வண்டிக்குத் தனிச் சலுகை கிடையாது. புறப்படுவது சுலபமாக இருந்தது என்பதை வைத்து நிற்பதும் சுலபமாக இருக்கும் என்று எண்ணுகிறவன் ஏமாந்துபோகிறான். கடன் வாங்கத் தெரிந்தவனுக்குத் திருப்பிக் கொடுக்கவும் தெரியும் என்று யார் சொன்னார்கள்?

இப்படிச் சொன்னால், "அப்படியானால் பயிற்சியும் வேண்டாம், யந்திரமும் வேண்டாம் என்கிறீரா?" என்று நீங்கள் கேட்கலாம். அப்படிச் சொல்வது அநியாயம். 1995-இல் வேறொரு சாதனம் கார்களில் வந்தது. வண்டி ஓட்டுகிறவன் விரும்பும் திசையில் போகாமல் பக்கவாட்டில் வழுக்குகிறது என்று தெரிந்தவுடன், தேவையான ஒரு சக்கரத்தை மட்டும் தானாகவே பிரேக் பிடித்து வண்டியை நேர்ப்படுத்துகிற சாதனம் அது. 1997-இல் ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகை ஒன்று, குறுக்கே வரும் காட்டு மானைத் தவிர்ப்பது போல் மெர்ஸிடிஸ் கம்பெனியின் புதிய சிறிய கார் ஒன்றை வளைத்து ஓட்டிச் சோதித்தபோது அது கவிழ்ந்துவிட்டது. அந்த அவமானத்துக்குப் பிறகு அந்த ரகக் கார்கள் அனைத்திலும் இந்தச் சாதனத்தைப் பொருத்தினார்கள். ஐரோப்பாவில் 2014 முதல் புதிய கார் ஒவ்வொன்றிலும் இது இருந்தாக வேண்டும் என்று விதியே வந்துவிட்டது. வேறு வண்டியோடு மோதாமல் தானாகவே நிலைதவறி நேரும் உயிர்ச்சேத விபத்துகள், இது பொருத்திய கார்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருப்பதாக அமெரிக்க ஆய்வுகள் கண்டன. அந்த உயிர்களை அற்பமாக எண்ணி யந்திரத்தைப் பழிக்க யாருக்கும் உரிமை இல்லை.

இந்தச் சாதனம் பெரும்பாலும் மௌனமாக வேலை செய்கிறது. அது தலையிடும் கணத்தில் ஓட்டுகிறவனுக்கு எதிரே ஒரு சிறு விளக்கு மட்டும் சிமிட்டும். அந்த விளக்கைத்தான் நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். "நீ இப்போது விழுந்திருப்பாய், நான் பிடித்துக்கொண்டேன்" என்று அது சொல்கிறது. ஒருவன் அதைக் கண்டு திடுக்கிட்டு வேகத்தைக் குறைக்கிறான். இன்னொருவன், "சபாஷ், நம்மைப் பிடிக்க ஆள் இருக்கிறது" என்று இன்னும் மிதிக்கிறான். விளக்கு ஒன்று, சாலை ஒன்று, கார் ஒன்று. இருவருக்கும் உள்ள வித்தியாசத்தை எந்தத் தொழிற்சாலையில் பொருத்த முடியும்?

இனி முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். சறுக்கல் குற்றமா? எல்லாச் சறுக்கலும் குற்றம் என்று சொல்லிவிடுவதில் ஒரு பெரிய அநீதி இருக்கிறது. அதை உணர்வதற்குச் சாலையை விட்டுவிட்டு, அதே மூனிச் நகரத்தின் விமான ஓடுபாதைக்குப் போக வேண்டும். 1958 பிப்ரவரி 6-ஆம் தேதி, மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து வீரர்களை ஏற்றிச் சென்ற விமானம் அங்கே மூன்றாவது முறையாகப் புறப்பட முயன்றது. வேகம் ஏறிக்கொண்டே வந்து, ஓடுபாதையின் கடைசிப் பகுதியில் திடீரென்று குறைந்தது. விமானம் எழும்ப முடியாமல் வேலியைத் தாண்டி ஒரு வீட்டின்மேல் மோதியது. எட்டு வீரர்கள் உட்பட 23 பேர் மாண்டார்கள். இறக்கைகளில் படிந்த பனியை அகற்றாமல் புறப்பட்டதுதான் காரணம் என்று ஜெர்மன் விசாரணை சொன்னது. பழி தலைமை விமானி ஜேம்ஸ் தெயின் மேல் விழுந்தது. அவர் வேலையையும் இழந்தார். ஓடுபாதையில் தேங்கியிருந்த பாதி உருகிய பனிச்சேறுதான் சக்கரங்களைப் பிடித்து இழுத்து வேகத்தைக் கொன்றது என்று அவர் ஆண்டுக் கணக்கில் போராடினார். 1969-இல்தான் பிரிட்டிஷ் விசாரணை அவரைக் குற்றமற்றவர் என்று ஏற்றது. 1975-இல் அவர் இறந்துபோனார்.

பனிச்சேறு ஒரு விமானத்தை இவ்வளவு தூரம் தடுக்கும் என்பதை அந்த நாளில் விமானிகள் சரியாக அறிந்திருக்கவில்லை. அறிய முடியாததை அறியவில்லை என்று ஒரு மனிதனைத் தண்டித்தார்கள். இது ஒரு பக்கம். இன்று ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை மீட்டர் வேண்டும் என்பது பள்ளிப் பையனுக்கும் தெரியும். பாலம் முதலில் உறையும் என்பதை லைசென்ஸ் வாங்குமுன்பே சொல்லிவிடுகிறார்கள். ஸ்வீடனில் டிசம்பர் முதல் மார்ச் வரை, சாலையில் குளிர்காலத்து நிலைமை இருந்தால், பனிக்கென்று செய்த டயர்களைப் போட்டே தீர வேண்டும். பின்லாந்தில் நெடுஞ்சாலைகளின் வேக வரம்பையே, 120 கிலோமீட்டரிலிருந்து 100-க்குக் குளிர்காலத்தில் இறக்கிவிடுகிறார்கள். பருவத்துக்கு முன்னால் சட்டமே தலை தாழ்த்துகிறது. இவ்வளவும் தெரிந்தபின் ஒருவன், "என் கையில் ஒன்றுமே இல்லை" என்று சொன்னால் எப்படி ஏற்பது?

அவன் கையில் ஒன்றும் இல்லாமல் போன கணம் உண்மைதான். ஆனால் அதற்கு ஒரு நிமிஷத்துக்கு முன்னால் எல்லாம் அவன் கையில்தான் இருந்தது. குடிபோதையில் குற்றம் செய்தவனுக்கு இரட்டைத் தண்டனை விதிக்கும் சட்டத்தைப் பற்றி அரிஸ்டாட்டில் தம் அற நூலில் பேசுகிறார். குற்றம் செய்தபோது அவனுக்கு நிதானம் இல்லை, வாஸ்தவம். குடிக்காமல் இருக்கும் நிதானம் முன்பு இருந்ததல்லவா? பனிச்சாலையிலும் நீதி இதுதான். சறுக்கும் கணத்தை வைத்து ஒருவனை அளக்கக் கூடாது. அப்போது அவன் வெறும் பொருள். கல் உருள்வது போல உருள்கிறான். அவன் மனிதனாக இருந்தது அதற்கு முன்பு, காலை எடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானித்த இடத்தில். அங்கே அவன் என்ன அறிந்திருந்தான், அறிந்ததைக் கொண்டு என்ன செய்தான் என்பதுதான் கேள்வி. விமானி தெயினுக்கு அந்த அறிவு கிடைக்கவில்லை. ஆகவே அவர் நிரபராதி. நமக்குக் கிடைத்துவிட்டது, ஆகவே நம்முடைய பொறுப்பு கூடிவிட்டது. நார்வே இளைஞர்கள் தவறிய இடமும் இதுதான். அறிவு தங்களுக்குக் கூடுதல் உரிமை தருவதாக அவர்கள் எண்ணினார்கள். அறிவு தருவது கூடுதல் கடமையைத்தான்.

வள்ளுவர் பொச்சாவாமைக்கென்று ஓர் அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். மகிழ்ச்சிச் செருக்கில் தன்னை மறந்துபோவது, மிகுந்த கோபத்தைவிடப் பொல்லாதது என்பது அவர் கருத்து. கோபக்காரன் வருகிறான் என்றால் எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். தன் சாமர்த்தியத்தில் தானே மயங்கி வருகிறவனுடைய முகத்தில் புன்னகை அல்லவா இருக்கிறது? ஒதுங்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

மெதுவாகப் போவதற்குப் பனிச்சாலையில் அசாத்தியத் துணிச்சல் வேண்டும். பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பான், விளக்கைப் பளிச்சிடுவான், முந்திச் செல்லும்போது ஓர் ஏளனப் பார்வை பார்ப்பான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நண்பரே, "இவ்வளவு பயமா உனக்கு?" என்பார். சறுக்கிய வண்டியைச் சாமர்த்தியமாக மீட்டவன் அன்று மாலை நாலு பேரிடம் கதை சொல்லலாம். அவர்களும் வாயைப் பிளந்து கேட்பார்கள். சறுக்காமல் வந்து சேர்ந்தவனிடம் சொல்வதற்குக் கதையே கிடையாது. திருப்பத்துக்கு அப்பால் சாலையைக் கடந்துகொண்டிருந்த குழந்தை, அவன் நின்று வழிவிட்டதைக்கூடக் கவனிக்காமல், புத்தகப் பையோடு பள்ளிக்கூடம் போய்விட்டது. தான் ஓர் உயிரைக் காப்பாற்றியது அவனுக்கும் தெரியாது. காப்பாற்றப்பட்டது அந்தக் குழந்தைக்கும் தெரியாது. சாட்சி இல்லாத அந்த நன்மையைச் செய்துவிட்டு அவன் வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றி மாட்டுகிறான். ஏன் இவ்வளவு நேரம் என்று மனைவி கேட்டால், "சாலை வழுக்கலாக இருந்தது" என்று மட்டும் சொல்வான்.